மெக்கோர்ட் வாத்தியார்

ஃபிராங்க் மெக்கோர்ட் என்ற பெயரைச் சொன்னதும் இங்கிலீஷ் புத்தகம் படிக்கிற நண்பர்களுக்கு 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' ஞாபகம் வரும். 1996ல் வந்த புத்தகம். 1997ல் புலிட்சர் பரிசு. ஆலன் பார்க்கர் 1999ல் படமாகவும் எடுத்தார். பல லட்சம் பிரதிகள் விற்று, இரண்டு வருஷத்துக்கு மேல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் உட்கார்ந்திருந்த புத்தகம். அந்த எழுத்தாளரைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது வேற ஒரு மெக்கோர்ட்டைப் பற்றி. 1958லிருந்து 1987 வரை, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, நியூயார்க் அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் பாடம் எடுத்த ஒரு வாத்தியாரைப் பற்றி. அந்த வருஷங்களில் பத்திரிகையில் அவர் பேர் வரவில்லை, யாரும் மாலை போடவில்லை. ரிட்டயர் ஆகி வீட்டுக்குப் போனபோது அவர் ஒரு சாதாரண ஹைஸ்கூல் வாத்தியார், அவ்வளவுதான். அவருடைய பழைய மாணவர்களைக் கேட்டால் அந்த 'அவ்வளவுதான்' என்ற வார்த்தையை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆள் யார்னு தெரியாம அவர் வகுப்பு புரியாது. அதனால கொஞ்சம் பழைய கதை.

லிமெரிக் சந்து

மெக்கோர்ட் பிறந்தது 1930 ஆகஸ்ட் 19, நியூயார்க்கின் புரூக்ளினில். அப்பா மலாக்கி வட அயர்லாந்துக்காரர், அம்மா ஏஞ்சலா லிமெரிக் நகரத்துப் பெண். அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். அப்பாவுக்கு நிரந்தர வேலை இல்லை, கிடைத்த கூலியும் சாராயக்கடைக்குப் போனது. பிறந்து சில வாரமே ஆன பெண் குழந்தை ஒன்று இறந்தது. குடும்பம் மூட்டையைக் கட்டிக்கொண்டு அயர்லாந்துக்கே திரும்பிவிட்டது. பிழைக்க ஊரைவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறுவதுதான் அயர்லாந்துக்காரர்களின் வழக்கம். இவர்கள் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த அபூர்வப் பிறவிகள்.

லிமெரிக் வந்தும் விடியவில்லை. இரட்டைப் பையன்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஏழு பிள்ளைகளில் மிஞ்சியது நாலு. குடியிருந்தது ஒரு சந்து. ஈரம், சளி, காசநோய், முழுச் சந்துக்கும் பொதுவாக ஒரே கழிப்பறை, அதுவும் இவர்கள் வீட்டு வாசலை ஒட்டி. இரண்டாம் உலகப்போர் வந்ததும் அப்பா இங்கிலாந்துக்கு ஆயுதத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தந்தி மணியார்டர் வரும். இவர்கள் வீட்டுக்கு மட்டும் பெரும்பாலும் வராது.

பத்து வயசில் டைபாய்டு காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தான் பையன். ஷேக்ஸ்பியர் என்று ஒருத்தர் இருப்பதே அங்கேதான் தெரிந்தது. பக்கத்து அறையில் இருந்த ஒரு நோயாளிச் சிறுமி வைத்திருந்த புத்தகம் வழியாக! அர்த்தம் முழுசாப் புரியாமலே அந்த வார்த்தைகளை வாயில் போட்டுச் சுவைத்தேன் என்கிற மாதிரி பின்னாளில் எழுதியிருக்கிறார். வீட்டில் வறண்ட ரொட்டியும் தேநீரும் மட்டும் கிடைத்த பையனுக்கு அது ஒரு விருந்துதான்.

பள்ளிக்குத் திரும்பினால், வகுப்பு போய்விட்டது என்று ஒரு வருஷம் கீழே உட்கார வைத்தார்கள். அங்கே இயேசுவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். பையன் எழுதினான்: இயேசு லிமெரிக்கில் பிறக்காததற்குக் காரணம் இங்கே எப்பப் பார்த்தாலும் மழை, அவருக்கு வெயில் ஊர்தான் ஒத்துக்கொள்ளும்னு. கேலியாக எழுதவில்லை, நிஜமாகவே யோசித்து எழுதினான். கட்டுரையைப் படித்த வாத்தியார்கள் திகைத்துப் போய் அவனை மேல் வகுப்புக்கே ஏற்றிவிட்டார்கள்.

ஆனா படிப்பு அதோட சரி. 13 வயசில் ஆரம்பப் பள்ளி முடிந்ததும் மேல்நிலைப் பள்ளி வாசலுக்கு அம்மாவும் பையனும் போனார்கள். இடமில்லை என்று கதவைச் சாத்தினார்கள். இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நடந்த அநியாயம் என்று நினைக்க வேண்டாம். அன்றைய அயர்லாந்தில் மேல்நிலைக் கல்வி இலவசம் இல்லை. சம்பளம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு 14 வயசோடு பள்ளி முடிந்தது. இலவச மேல்நிலைக் கல்வியை 1966ல் அறிவித்த அமைச்சர் டோனோ ஓமாலி என்பவர். அவரும் லிமெரிக்காரர்தான்! திட்டம் நடைமுறைக்கு வந்தது 1967ல். அப்போது நம்ம ஆளுக்கு 37 வயசு. கடலுக்கு அந்தப் பக்கம் வாத்தியாராகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

டிப்ளமா இல்லாத பட்டதாரி

14 வயசில் தந்திப் பையன் வேலை. கூடவே ஒரு வட்டிக்காரம்மாவுக்குக் கடிதம் எழுதும் வேலை. வாங்கின கடனைக் கட்டாதவர்களை மிரட்டி எழுத வேண்டும். அக்கம்பக்கத்து ஏழை ஜனங்களையே மிரட்டி எழுதிய அந்தக் கடிதங்கள்தான் மெக்கோர்ட் காசு வாங்கிக்கொண்டு எழுதிய முதல் எழுத்து. அந்தக் காசையும் சேர்த்துத்தான் 1949 அக்டோபரில், 19 வயசில், அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

நியூயார்க்கில் பில்ட்மோர் ஹோட்டலில் கூட்டிப் பெருக்குகிற வேலை. துறைமுகத்தில் மூட்டை. 1951ல் கொரியப் போர் நேரம், ராணுவத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் கொரியாவுக்கு அனுப்பாமல் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே நாய்களுக்குப் பயிற்சி, அப்புறம் ஆபீஸ் டைப்பிங். இந்த ராணுவ வேலைதான் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது.

காரணம் ஒரு சட்டம். இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குக் கல்லூரிச் செலவை அரசாங்கமே தரும் என்று 1944ல் அமெரிக்கா சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தில் கல்லூரிக்குப் போனவர்கள் மட்டும் சுமார் 22 லட்சம் பேர். கொரியப் போர்க்கால வீரர்களுக்கும் 1952ல் அதேபோல ஒரு சட்டம் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு மெக்கோர்ட் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வாசலில் போய் நின்றார். ஹைஸ்கூல் வாசலையே மிதிக்காத ஆள்! நான் நிறையப் புத்தகம் படித்திருக்கிறேன் என்று பேசியே இடம் வாங்கினார். முதல் வருஷம் நல்ல மார்க் எடுத்தால்தான் தொடரலாம் என்று நிபந்தனை. எடுத்தார். 1957ல் பட்டம். படித்தது ஆங்கிலமும் ஆசிரியப் பயிற்சியும்.

ஒரு ஊர் கதவைச் சாத்துகிறது, இன்னொரு ஊர் திறக்கிறது. நடுவில் இருந்தது ஆளுடைய திறமை மட்டும் இல்லை, ஒரு சட்டமும்தான். 'உழைப்பால் உயர்ந்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற வாழ்க்கை வரலாறுகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும். அதே உழைப்பு, அதே மூளை உள்ள எத்தனை பையன்கள் அந்தச் சந்திலேயே நின்றுபோனார்களோ!

கல்லூரியில் சிறுவயதுப் பொருள் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னபோது மெக்கோர்ட் எழுதியது கட்டிலைப் பற்றி. அண்ணன் தம்பி எல்லோரும் ஒன்றாகப் படுத்த, தெள்ளுப்பூச்சி நெளிகிற பழைய கட்டில். பேராசிரியர் பாராட்டினார். ஆனால் மெக்கோர்ட்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தச் சந்தைப் பற்றி நாலு பேருக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. இந்த வெட்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கு.

முதல் நாள் ரொட்டி

1958ல் ஸ்டேட்டன் தீவில் மெக்கீ தொழிற்கல்விப் பள்ளியில் வேலை. பிளம்பர், மெக்கானிக், தச்சர், அழகுநிலையக்காரர் ஆகப்போகிற பிள்ளைகள். இங்கிலீஷ் இலக்கணம் அவர்களுக்கு எதுக்கு? அவர்களும் அதையேதான் கேட்டார்கள்.

முதல் நாள். வாத்தியாருக்கு 27 வயசு, வாயைத் திறந்தால் லிமெரிக் உச்சரிப்பு. வகுப்பில் இரண்டு பையன்களுக்குள் தகராறு. ஒருத்தன் இன்னொருத்தன் மேல் சாண்ட்விச் பொட்டலத்தை வீசினான். அது வாத்தியார் காலடியில் வந்து விழுந்தது. பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பயிற்சி கொடுத்த பேராசிரியர்கள் இதுக்கு என்ன செய்யணும்னு சொல்லித்தரவில்லை. மெக்கோர்ட் குனிந்து எடுத்தார். பிரித்தார். சாப்பிட்டார்! பசித்து வளர்ந்த ஆளுக்குச் சோற்றை வீசுவது தாங்காது. வகுப்பு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. கதவுக்கு வெளியே தலைமை ஆசிரியரும் பார்த்தார். காலை ஒன்பது மணிக்கு வகுப்பில் உட்கார்ந்து சாப்பிடுவது என்ன பழக்கம் என்று கூப்பிட்டு டோஸ் விட்டார்.

பையன்களுக்கு ஆனால் ஆளைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதும் அவர்கள் செய்த முதல் காரியம், பாடம் நடத்தவிடாமல் கதை கேட்டதுதான். சார், அயர்லாந்து எப்படி இருக்கும், வீட்டில் என்ன சாப்பிடுவீங்க, ஆடு மாடு இருந்துச்சா... உலகம் பூரா மாணவர்களுக்குத் தெரிந்த தந்திரம். நம்ம ஊர்லயும் வரலாறு சாரிடம் மெட்ராஸ் கதையும், பிடி சாரிடம் பட்டாளத்துக் கதையும் கேட்டு ஒரு பீரியடை ஓட்டாதவர் யார்? :-)

தந்திரம் என்று தெரிந்தே மெக்கோர்ட் கதை சொன்னார். வகுப்பை அடக்க அவர் கையில் வேறு ஆயுதம் இல்லை. லிமெரிக்கில் அவரைப் படிக்கவைத்த வாத்தியார்கள் கையில் பிரம்பு இருந்தது. நியூயார்க்கில் அதைத் தொட முடியாது. இவரும் தொட விரும்பவில்லை.

லீவ் லெட்டர் இலக்கியம்

அவர் செய்ததிலேயே பிரசித்தமானது இதுதான். பள்ளிக்கு வராத பிள்ளைகள் வீட்டிலிருந்து அம்மா அப்பா எழுதிய கடிதம் கொண்டுவர வேண்டும். மேஜை டிராயர் நிறையக் கடிதங்கள். ஒருநாள் உட்கார்ந்து படித்தால், பாதிக்கு மேல் பிள்ளைகளே எழுதிய போலிக் கடிதங்கள். அது அவருக்கு முன்பே தெரியும். அன்றைக்குப் புதிதாகக் கண்ணில் பட்டது வேறு. கடிதங்கள் பிரமாதமாக இருந்தன!

கட்டுரை எழுதச் சொன்னால் நாலு வரிக்கு மேல் நகராத பையன், அடுப்பு தீப்பிடித்தது, குழாய் உடைந்தது, குழந்தை சட்டையில் வாந்தி எடுத்தது என்று கற்பனையில் புகுந்து விளையாடியிருக்கிறான். நம்பும்படி எழுதியிருக்கிறான், அளவாக எழுதியிருக்கிறான். அம்மா எழுதினால் எப்படி எழுதுவாள் என்று குரலை மாற்றிக்கூட எழுதியிருக்கிறான். எழுத்துப் பயிற்சி என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் இதைத்தானே?

போலிக் கடிதம் எழுதினவர்களுக்குத் தண்டனை கொடுத்திருக்கலாம். மெக்கோர்ட் அவற்றையே பாடமாக்கினார். கடிதங்களைப் பெயர் சொல்லாமல் வகுப்பில் படித்துக் காட்டினார். உங்களுக்கு நாளைக்குப் பிள்ளை பிறந்து அவன் பள்ளிக்கு வராவிட்டால் என்ன கடிதம் எழுதுவீர்கள், எழுதுங்கள் என்றார். எழுதினார்கள். அடுத்து, ஆதாம் கடவுளுக்கு எழுதும் மன்னிப்புக் கடிதம். ஏவாள் எழுதும் கடிதம். மணி அடித்தும் எழுந்து போகவில்லை. யூதாஸுக்கு, அட்டிலாவுக்கு, அல் கபோனுக்கு எல்லாம் சாக்குச் சொல்லி எழுதினார்கள். தலைமை ஆசிரியரும் மேலதிகாரியும் வகுப்புக்குள் வந்து பார்த்தபோது வேலை போச்சு என்றுதான் மெக்கோர்ட் நினைத்தார். மேலதிகாரி கை குலுக்கிப் பாராட்டிவிட்டுப் போனார்.

இதைப் படிக்கும்போது நம்ம ஊர் லீவ் லெட்டர் ஞாபகம் வராமல் இருக்காது. 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று ஆரம்பித்து முடியும் அந்த ஒரே கடிதம். பாட்டி செத்தாலும் ஃபீவர், கல்யாணத்துக்குப் போனாலும் ஃபீவர். தலைமுறை தலைமுறையாக ஒரு எழுத்து மாறாமல் நாம் எழுதியிருக்கிறோம். பொய் சொல்லக்கூட நமக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் கிடையாது! அயல்மொழி என்பது ஒரு காரணம். தப்பு வந்துவிடுமோ என்ற பயம் இன்னொரு காரணம், எனக்கென்னவோ அதுதான் பெரிய காரணம். மெக்கோர்ட் வகுப்பில் முதலில் கழன்று விழுந்தது அந்தப் பயம்தான்.

பதினைந்து வருஷமும் ஒரு சமையல் புத்தகமும்

மெக்கீயில் எட்டு வருஷம். அப்புறம் சில பள்ளிகள், ஒரு கல்லூரியில் பகுதிநேரம். 1967ல் முதுகலைப் பட்டம். 1960களின் கடைசியில் டாக்டர் பட்டம் வாங்கலாம் என்று டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்குப் போய், முடிக்காமல் திரும்பினார். 1961ல் நடந்த கல்யாணமும் நிலைக்கவில்லை. நாற்பது வயசில் கையில் எதுவும் இல்லாமல் மறுபடி வகுப்பறை வாசலில் நின்றார்.

1972ல் ஸ்டைவசண்ட் ஹைஸ்கூல். மெக்கீக்கு நேர் எதிர். 1904ல் ஆரம்பித்த பள்ளி. நுழைவுத்தேர்வு எழுதித்தான் சேர முடியும். 1969 வரை பையன்களுக்கு மட்டும்தான் இடம். கணக்கும் அறிவியலும்தான் அங்கே ராஜா. ஜோஷுவா லெடர்பெர்க், ரோல்ட் ஹாஃப்மன் என்று நோபல் பரிசு வாங்கியவர்கள் படித்த இடம். பிள்ளைகள் புத்திசாலிகள், பெற்றோர் கண் கல்லூரி அட்மிஷன் மேல்.

அங்கே 15 வருஷம். கதை, கவிதை எழுதுகிற வகுப்பை எடுத்தார். ஒருநாள் வகுப்பில் சமையல் புத்தகத்தைக் கொண்டுவந்து சத்தமாக வாசிக்கச் சொன்னார். கவிதை மாதிரி வாசிக்கலாமே என்று ஒரு யோசனை. பிறகு வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர்கள் புல்லாங்குழல், கிதார் எல்லாம் கொண்டுவர, சமையல் குறிப்பைப் பக்கவாத்தியத்தோடு வாசித்தார்கள். வீட்டுப் பலகாரங்களைச் சுமந்துகொண்டு பள்ளி அருகே இருந்த பூங்காவுக்குப் போய் வகுப்பே பந்தி போட்டுச் சாப்பிட்டது. ஒரு நாட்டுக்காரர், ஒரு மதத்துக்காரர் இல்லை அங்கே. எல்லோர் வீட்டு அடுப்பும் அந்தப் பூங்காவுக்கு வந்துவிட்டது.

இதெல்லாம் பாடமா? பெற்றோரும் கேட்டிருப்பார்கள், அவரும் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். இலக்கணமும் ஷேக்ஸ்பியரும் நடத்தாமல் விளையாடுகிறோமோ என்ற குற்ற உணர்ச்சி கடைசிவரை அவரை விடவில்லை. 2005ல் வந்த 'டீச்சர் மேன்' புத்தகம் முழுக்க அந்தச் சந்தேகம் ஓடும். நான் அந்தப் புத்தகத்தை நம்புவது அதனால்தான். 'நான் எப்பேர்ப்பட்ட ஆசிரியன் தெரியுமா' என்று மார்தட்டுகிற புத்தகமாக இருந்திருந்தால் பாதியில் மூடியிருப்பேன்.

இன்னொரு பாடம் அவர் வகுப்பில் அடிக்கடி நடந்தது. நேத்து ராத்திரி வீட்டில் என்ன சாப்பிட்டே? கேள்வி அவ்வளவுதான். பையன் ஒரு வார்த்தையில் பதில் சொல்வான். விடமாட்டார். யார் கடைக்குப் போய் வாங்கினது? யார் சமைத்தது? மேஜையில் யார் யார் உட்கார்ந்தார்கள்? என்ன பேசினார்கள்? யார் பாத்திரம் கழுவியது? கேட்கக் கேட்க, வேலைக்குப் போய்விட்டு வந்து சமைக்கிற அம்மா வெளியே வருவாள். தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளையும் வெளியே வருவான். எழுத ஒண்ணுமே இல்லை சார், எங்க வாழ்க்கையில என்ன இருக்குன்னு சொன்ன பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த பதில் இந்தக் கேள்விகள்தான்.

இனி கொஞ்சம் கணக்கு. நியூயார்க் ஹைஸ்கூல் வாத்தியாருக்குத் தினம் 5 வகுப்பு. வகுப்புக்கு 35 பேர் என்று வைத்தால் 175 பிள்ளைகள். எல்லோரும் ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதினால், ஒன்றைத் திருத்த 5 நிமிஷம் என்றாலும் மொத்தம் 875 நிமிஷம். பதினாலரை மணி நேரம்! ஒரே ஒரு கட்டுரைக்கு. வாத்தியார் வேலைக்கு என்ன, மத்தியானம் வீட்டுக்கு வந்துடலாம்னு பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்கணும். இப்படியே மொத்தம் சுமார் 12,000 பிள்ளைகளைப் பார்த்திருப்பதாக மெக்கோர்ட்டே கணக்குச் சொல்கிறார்.

ரிட்டயர் ஆன பிறகு

1987ல் ஓய்வு. அடுத்த ஏழெட்டு வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நண்பர்கள், மதுக்கூடம், தம்பி மலாக்கியோடு சேர்ந்து பழைய லிமெரிக் கதைகளை வைத்து நடத்திய மேடை நிகழ்ச்சி. அம்மா ஏஞ்சலா 1981லேயே நியூயார்க்கில் காலமாகி, அஸ்தி லிமெரிக் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா 1985ல் பெல்ஃபாஸ்டில் காலமானார்.

உன் கதையை எழுது, உன் வீட்டைப் பற்றி எழுது என்று பிள்ளைகளிடம் அத்தனை வருஷம் சொன்ன மனுஷன், தன் கதையை எழுதவில்லை. ஏன்? அந்த வெட்கம்தான். சந்தும், கழிப்பறையும், அம்மா பிச்சையாக வாங்கிவந்த சோறும் ஊருக்குத் தெரியவேண்டாம் என்ற வெட்கம். கூடவே, அம்மா உயிரோடு இருக்கும்வரை எழுதியிருக்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறார். குறிப்பேடுகள் நிறைந்தன, புத்தகம் வரவில்லை.

1994ல் எல்லன் ஃப்ரேயைக் கல்யாணம் செய்துகொண்டார். அதே வருஷம் எழுத உட்கார்ந்தார். இந்தத் தடவை குரல் கிடைத்தது. பெரிய ஆள் திரும்பிப் பார்த்து எழுதுகிற நடையாக இல்லாமல், நடக்கிறதை அப்படியே நிகழ்காலத்தில் சொல்லும் சின்னப் பையன் குரல். புகார் சொல்லாத, தீர்ப்புச் சொல்லாத குரல். எழுதக் கற்றுக்கொடுத்தது என் மாணவர்கள்தான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதை அடக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அது நேரடியான உண்மை. எந்த இடத்தில் பையன்கள் கொட்டாவி விடுவார்கள், எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று முப்பது வருஷம் தினம் ஐந்து காட்சி பார்த்தவர் அவர். புத்தகம் வந்தபோது வயசு 66.

லிமெரிக்கில் புத்தகத்துக்கு வரவேற்பும் இருந்தது, கடும் கோபமும் இருந்தது. 1997ல் லிமெரிக் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. இன்னொரு பக்கம், எங்க ஊரை அசிங்கப்படுத்திட்டான், வறுமையை ஊதிப் பெருக்கிட்டான் என்று கொதித்தவர்கள் பலர். அந்த ஊர்க்காரரான நடிகர் ரிச்சர்ட் ஹாரிஸ் வெளிப்படையாகவே திட்டினார். ஐம்பது வருஷத்துக்கு முன் பேசிய பேச்சை வார்த்தை வார்த்தையாக எழுதினால் அதில் கற்பனை கலந்திருக்காதா என்ற கேள்வி நியாயமானதுதான். சொன்னதெல்லாம் சத்தியப் பிரமாணம் என்று நானும் சொல்லமாட்டேன். வகுப்பறைக் கதைகளும் பெரும்பாலும் அவர் வாயாலேயே நமக்கு வந்தவைதான். ஆனா மூன்று குழந்தைகள் இறந்தது கற்பனை இல்லை. 13 வயசில் படிப்பு நின்றதும் கற்பனை இல்லை. மானம் போச்சு என்று கோபப்பட்ட ஊரைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. மெக்கோர்ட்டை இத்தனை வருஷம் எழுதவிடாமல் செய்த அதே வெட்கம் ஊருக்கும் இருந்தது. அவர் தன்னுடையதைக் கழற்றி வைத்துவிட்டார், ஊருக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

2009 ஜூலை 19, நியூயார்க்கில் காலமானார். 78 வயசு. தோல் புற்றுநோய், கடைசியில் மூளைக்காய்ச்சல். செய்தி வந்ததும் பழைய மாணவர்கள் எழுதினார்கள், எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் பலர் எழுத்தாளர் ஆகவில்லை. டாக்டர், வக்கீல், கணக்கர் ஆனவர்கள். புலிட்சரைவிட அந்த வகுப்பைத்தான் அதிகம் பேசினார்கள். 2010ல் மன்ஹாட்டன் மேற்குப் பகுதியில் எழுத்துக்கும் பத்திரிகைப் பயிற்சிக்கும் முக்கியத்துவம் தரும் ஒரு அரசு ஹைஸ்கூல் அவர் பெயரில் தொடங்கியது. மேல்நிலைப் பள்ளி வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பையன் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளி! தம்பிகள் மைக்கேல் 2015லும், ஆல்ஃபி 2016லும், மலாக்கி 2024லும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தச் சந்துக் கட்டிலில் ஒன்றாகப் படுத்துத் தூங்கிய நாலு பேரில் இன்று யாரும் இல்லை.

கடைசியா ஒண்ணு. அந்தப் புத்தகம் ஓடாமல் போயிருந்தால்? 1996ல் எந்தப் பதிப்பாளரும் வாங்காமல் டிராயரிலேயே தூங்கியிருந்தால்? அந்த 12,000 பேருக்கு நடந்தது எதுவும் மாறியிருக்காது. நமக்குத்தான் தெரியாமல் போயிருக்கும். புத்தகம் எழுதாத, எழுதப்போவதும் இல்லாத மெக்கோர்ட்டுகள் எல்லா ஊரிலும் ரிட்டயர் ஆகி, பென்ஷன் ஆபீஸ் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள். உங்களுக்கும் அப்படி ஒருத்தர் இருந்திருப்பார். அவர் பாடத்தில் எத்தனை மார்க் எடுத்தீங்கன்னு இன்னிக்கு ஞாபகம் இருக்காது. வகுப்பில் அவர் சொன்ன ஒரு கதை மட்டும் இருக்கும். அதை எழுதி வையுங்க. அவர் இருந்தால் அவருக்கே ஒரு பிரதி அனுப்புங்க.

எழுத ஒண்ணும் வரலைன்னா ஒரு சுலபமான இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நேத்து ராத்திரி உங்க வீட்டுல என்ன சாப்பாடு? யார் சமைச்சது?